கறுப்புடையும் மணியும்

விரைந்து செல்வோனுக்கு மணி எதற்கென்று எண்ணி, என் சைக்கிளின் மணியைக் கழற்றி வைத்திருந்தேன். ஒருநாள் வைகறையில், என் வரவறியாத மூதாட்டி ஒருவர் திடுக்கிட்டு விழ, அவர் சுமந்து வந்த பால் முழுதும் தெருவில் ஓடிற்று.

அதன்பின் இங்கிலாந்தின் அமெச்சூர் சைக்கிள் பந்தய வரலாற்றைப் படித்தேன். சாலையில் கூட்டமாய்ப் பந்தயம் ஓட்டினால் சைக்கிளுக்கே தடை வருமென்று அஞ்சிய காலத்தில், பிட்லேக் என்பார் 1895இல், ஒவ்வொருவராய்ப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டியிடும் 50 மைல் பந்தயத்தை நடத்தினார். நாளடைவில், வீரர் கழுத்துமுதல் கணுக்கால்வரை கறுப்புடை அணிதல் வேண்டும், வண்டியில் மணி இருத்தல் வேண்டும் என விதிகளும் எழுந்தன. பந்தயத்திற்கு மணியா என்று நகைத்தேன். மறுகணமே நகை அடங்கிற்று.

சாலை விரைவோனுக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் விதியால் உணர்ந்தனர். யானோ ஒரு குடம் பாலால் உணர்ந்தேன். இன்று என் வண்டியில் மணி உண்டு. பாலின் விலையை அம்மூதாட்டி இன்னும் வாங்க மறுக்கின்றார்.