தாலுகா நிருபருக்கு யார் துணை?

தேனியிலிருந்து லோயர்கேம்ப் வரை சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் பத்திரிகைகளுக்கு உள்ளூர் நிருபர்கள் இருக்கிறார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினைக்காக ஜனங்கள் எல்லையை நோக்கிக் கிளம்பியபோதும், 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீப்பிடித்தபோதும் செய்தி சேகரிக்க ஓடியவர்கள் இவர்கள்தான். இவர்களில் பலர் பகுதி நேர நிருபர்கள். மாதச் சம்பளம் கிடையாது. போட்ட செய்திக்குக் கொஞ்சம் காசு, பிடித்துத் தரும் விளம்பரத்துக்குக் கமிஷன், அவ்வளவுதான்!

மணல், கஞ்சா, புறம்போக்கு நிலம் பற்றி எழுதினால் யாருக்குக் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும். யாரைப் பற்றி எழுதினாரோ, அவரையே மறுநாள் காலை டீக்கடையில் பார்த்தாக வேண்டும்.

இது வெறும் பயம் இல்லை. 2020 நவம்பரில் குன்றத்தூர் அருகே தமிழன் தொலைக்காட்சி நிருபர் மோசஸ் வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் சத்தீஸ்கர் மாநிலம் பீஜாப்பூரில், சாலைப் பணி முறைகேடு பற்றிய செய்தி வந்த பிறகு, முகேஷ் சந்திரகர் என்ற நிருபரின் உடல் செப்டிக் டேங்கில் கிடந்தது. அவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தருவதாக மாநில முதல்வர் அறிவித்தார்.

அரசாங்கத் திட்டங்கள் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் பத்திரிகையாளர் நலத் திட்டத்தில், இறந்தவரின் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அங்கீகார அட்டை இல்லாதவரும் கேட்கலாம். ஆனால் 5 வருடம் பத்திரிகையாளராக வேலை செய்ததை நிரூபிக்க வேண்டும். நியமனக் கடிதமே இல்லாத ஒருவரின் மனைவி இதை எப்படி நிரூபிப்பார்? யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, இது பெரும்பாலும் உயிர் போன பிறகு வரும் பணம். மிரட்டல் வரும்போதோ கைதாகும்போதோ தேவைப்படுவது வேறு. வக்கீல் ஃபீஸ், மளிகைக் கடை பாக்கி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், சில வாரம் வேறு ஊரில் தங்க வாடகை. 1981-ல் நியூயார்க்கில் தொடங்கிய பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு இப்படிப்பட்ட அவசர உதவிகளைச் செய்கிறது.

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். கம்பத்திலிருந்து குமுளி ஏறினால் கேரளா. அந்த ஊர்ப் பத்திரிகையாளர் சித்திக் கப்பன், 2020 அக்டோபரில் ஹத்ராஸ் போகும் வழியில் கைது செய்யப்பட்டார். கேரள உழைக்கும் பத்திரிகையாளர் சங்கம் உடனே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவர் வெளியே வந்தது 2023 பிப்ரவரியில். இத்தனை மாதமும் அவர் பத்திரிகையாளர்தான் என்று சொல்ல ஒரு சங்கம் இருந்தது. அவர் அப்போது அதன் டெல்லிக் கிளைச் செயலாளராக இருந்தார்.

தாலுகா நிருபருக்கும் முதலில் வேண்டியது இதுதான். பத்திரிகை நிர்வாகம் ஒரு நியமனக் கடிதம் தரலாம். உள்ளூர்ச் சங்கம் பகுதி நேர நிருபர்களின் பெயரையும், அவர்கள் எந்த வருடம் சேர்ந்தார்கள் என்பதையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். மாதம் 100 ரூபாய் போட்டு ஒரு அவசர நிதியும் தொடங்கலாம். கடிதத்துக்கும் பதிவேட்டுக்கும் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஆனால் ஆபத்து வந்த பிறகு அந்தக் காகிதத்தைத் தயார் செய்ய முடியாது!