சேணத்தில் ஒரு சிறுமி

தமிழர் வாழ்வில் குதிரை பெற்றிருந்த இடம் சிறிதன்று. பரி, புரவி, இவுளி, மா எனப் பல பெயரிட்டு அதனை அழைத்த மொழி நம் மொழி. புறப்பொருள் துறைகளுள் 'குதிரை மறம்' என ஒரு துறையே உண்டு. கடல் கடந்து காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. 'இராவுத்தர்' என்னும் சொல்லே குதிரை வீரரைக் குறிப்பதாகும். நம் வேலூர்க் கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில், பாயும் பரி மீதமர்ந்த வீரர்களை இன்றும் காணலாம்.

1714ஆம் ஆண்டில் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்ட செஞ்சித் தேசிங்கின் கதையை நம் வட்டாரத்தில் அறியாதார் யார்? எவருக்கும் அடங்காத குதிரையை இளமையிலேயே அடக்கியவன் அவன் என்று கதைப்பாடல் கூறும். அவனோடு உயிர் துறந்த நண்பன் ஓர் இசுலாமியன் என்பதும் அக்கதையின் சிறப்பு. இராணிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயரையும் தேசிங்கின் மனைவியோடு இணைத்தே மக்கள் வழங்குகின்றனர்.

இத்தனை பாடல்களிலும் கதைகளிலும் குதிரை வெற்றிக்குரிய கருவியாகவே பெரிதும் நிற்கின்றது. அதன் அச்சம் யாது, விருப்பம் யாது என்று எண்ணியோர் குறைவு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிசுப் பயணி மார்க்கோ போலோ, அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்ட குதிரைகள், பேணத் தெரிந்தோர் இன்மையால் ஓராண்டுக்குள் பெரும்பாலும் மடிந்தன என்று எழுதிவைத்தார். விலை கொடுத்து வாங்கலாம். உறவை விலைக்கு வாங்க இயலுமா?

இக்குதிரைகளையெல்லாம் வகுப்பறையில் ஏட்டளவில் நடத்திவந்த எனக்கு, உயிருள்ள ஒரு குதிரையை அறிமுகம் செய்துவைத்தவள் என் தங்கையின் மகள். பத்து வயதுச் சிறுமி. தந்தையின் தோல் வணிகம் காரணமாகப் பெங்களூரில் வளர்பவள். அங்குள்ள ஒரு குதிரையேற்றப் பள்ளியில் அவள் சேர்ந்த செய்தி ஆம்பூரில் உள்ள எங்கள் இல்லத்துக்கு எட்டியபோது, சிறு புயலே வீசிற்று எனலாம். "பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை? விழுந்து கை கால் முறிந்தால் யார் பொறுப்பு?" என்றார் என் தாயார். தந்தையார் ஒன்றும் கூறவில்லை; எனினும் அவர் முகம் மலரவில்லை.

பிள்ளைகளுக்கு நீச்சலும் அம்பெய்தலும் குதிரையேற்றமும் கற்பியுங்கள் என்று கலீஃபா உமர் அவர்கள் கூறியதாக வழங்கிவரும் அறிவுரையை நான் நினைவூட்டினேன். ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே விதியின்கீழ்ப் போட்டியிடும் விளையாட்டு இது என்பதையும் எடுத்துரைத்தேன். 2018இல் சகார்த்தா ஆசிய விளையாட்டில் இரு வெள்ளிப் பதக்கம் பெற்று, பின்னர் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பங்கேற்ற ஃபவாத் மிர்சா பெங்களூரைச் சேர்ந்தவரே. 2023இல் ஹாங்சோ நகரில், குதிரையைச் சீராக நடத்திக் காட்டும் 'டிரெசாஜ்' என்னும் குழுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றபோது, அந்நால்வர் அணியில் சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங் என்னும் இரு பெண்கள் இருந்தனர். தாயார் அரைமனத்தோடு இசைந்தார்.

அவளது முதற்போட்டியைக் காண நானும் தந்தையாரும் சென்றிருந்தோம். தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கான டிரெசாஜ் போட்டி அது. நாற்பது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் உடைய மணற்களம். அதன் ஓரங்களில் ஏ, கே, ஈ, எச், சி, எம், பி, எஃப் என்னும் ஆங்கில எழுத்துப் பலகைகள். எந்த எழுத்தில் நடையைத் தொடங்குவது, எதில் வட்டமிடுவது, எதில் ஓட்டத்துக்கு மாற்றுவது என்பதைப் பிள்ளை மனனம் செய்திருக்க வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இடுவார். விரைந்து ஓடியவர்க்கு இங்கே வெற்றியில்லை.

எங்கள் பிள்ளைக்கு வாய்த்தது பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு முதிய செந்நிறக் குதிரை. முதல் வட்டம் அழகாகவே முடிந்தது. 'எம்' என்னும் மூலையை நெருங்கியதும், காற்றில் படபடத்த ஒரு துணிக்கொடியைக் கண்டு குதிரை நின்றுவிட்டது. காதுகளை முன்னே நீட்டி, மூக்கு விடைக்க, ஓரடியும் எடுத்துவைக்க மறுத்தது. வேலிக்கு வெளியே நின்றோர் சிலர், "அடி, அடித்து ஓட்டு!" என்று கூவினர். அவள் கையில் சிறு பிரம்பு இருந்தது. அதனை அவள் உயர்த்தவில்லை. குனிந்து குதிரையின் கழுத்தைத் தடவினாள், ஏதோ முணுமுணுத்தாள், கடிவாள வாரைச் சற்றே தளர்த்தி, கொடியை அது நன்கு பார்க்கவிட்டாள். அரை நிமிடம் கழிந்திருக்கும்; எனக்கு அரை நாழிகையாகத் தோன்றிற்று. பின்னர்க் குதிரை தானாகவே நடந்தது. மதிப்பெண்கள் குறைந்தன. ஒன்பது பிள்ளைகளுள் ஏழாம் இடம்.

லாயத்தருகே தந்தையார் அவளிடம் கேட்டார்: "ஏம்மா, எல்லாரும் அடின்னாங்களே, நீ ஏன் அடிக்கல?"

"அது பயந்துச்சு நானா. அடிச்சா பயம் போயிடுமா? அந்த மூலைக்குப் போனா அடி விழும்னு இன்னும்தானே பயப்படும்?"

தந்தையார் மறுமொழி கூறாமல் இறக்கிவைத்திருந்த சேணத்தைத் தொட்டுப் பார்த்தார். ஆவாரம் பட்டை கொண்டு தோல் பதனிட்ட காலத்திலிருந்து குரோம் பதனிடும் காலம் வரை, நாற்பது ஆண்டுகள் தோலைத் தடவித் தரம் பிரித்த விரல்கள் அவை. சேணத்தின் மடிப்பையும் வயிற்று வாரின் தையலையும் தடவியபடி அவர் மெல்லச் சொன்னார்: "சாட்டை பட்ட தழும்பு மாடு செத்த பிறகும் தோல்ல தெரியும். எந்தச் சாயம் போட்டாலும் மறையாது. முதல் தரத்துல அதைச் சேர்க்கவே முடியாது. நான் தோலைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டதை இவ உயிரைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டா."

குதிரையின் கண்கள் முகத்தின் இருபுறமும் அமைந்தவை. ஏறக்குறையச் சுற்றிலும் அதனால் காண இயலும். எனினும் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அதற்குக் குருடு. எனவேதான் அதன் தோள்பக்கமாக, குரல் கொடுத்தபடி அணுகவேண்டும் என்று பயிற்றுநர் கற்பிக்கின்றனர். வேட்டையாடப்படும் விலங்காக வாழ்ந்த இனம் ஆதலின், அஞ்சுவதும் ஓடுவதும் அதன் இயல்பு. இவற்றையெல்லாம் எனக்கு விளக்கியவளும் அச்சிறுமியே.

அடுத்த சில வாரங்கள், பயிற்சி முடிந்தபின் அக்குதிரையைக் கையில் பிடித்தபடி அந்த மூலைக்கு நடத்திச் சென்று, கொடியருகே நிற்கவைத்து, காரட் துண்டு கொடுத்து அழைத்து வந்தாளாம். மூன்று மாதம் கழித்து அதே களத்தில் இரண்டாம் போட்டி நடந்தது. 'எம்' என்னும் மூலையைக் குதிரை ஒரு காதை மட்டும் அசைத்துவிட்டுக் கடந்து சென்றது. அவளுக்கு நான்காம் இடம். பரிசு நாடா மூவர்க்கே உரியது. ஆயினும் தொலைபேசியில் அவள் கூறிய முதற்செய்தி, "மாமூ, அது பயப்படவே இல்ல!" என்பதே. தாயார் அன்று பக்கத்து வீடுகளுக்குப் பாயசம் கொடுத்தனுப்பினார்.

குதிரையேற்றம் பெருஞ்செலவு பிடிக்கும் கலை. எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டக்கூடியதன்று என்பதை நான் அறிவேன். ஆனால் அச்சிறுமி கற்ற பாடத்துக்குக் குதிரைதான் வேண்டும் என்பதில்லை. கொல்லையில் கட்டிய ஆடும், வண்டி இழுக்கும் மாடும் போதும்.

வேலூரும் இராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் விலங்கின் தோலால் வாழ்வு பெற்ற ஊர்கள். தோலின் நுட்பம் பயில 1948 முதல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. நம் இளைஞர் பலர் அத்துறையை நாடுவது இயல்பே. அதே சென்னையில் 1989இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் உள்ளது. மாணவ மணிகளே, தோலைப் போர்த்திய அவ்வுயிரின் நோயையும் அச்சத்தையும் அறியும் அக்கல்வியையும் உங்களுள் சிலரேனும் நாடிச் செல்லுங்கள். பெரியோர்களே, அவ்வழியில் செல்ல விரும்பும் பிள்ளை பெண்ணாயினும் தடுக்காதீர்கள். நமக்குச் சோறிட்ட உயிர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அது.