மூன்றே வார்த்தை இங்கிலீஷ்

2023-ல் ஆபீஸ் வேலையாக என்னை மூன்று வாரம் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார்கள். இங்கே ஆபீஸில் எனக்கு 'இங்கிலீஷ் புலி' என்று பெயர். அங்கே மீட்டிங்கில் ஒரு வெள்ளைக்காரர் ஜோக் அடிக்க, எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு நான் மட்டும் தனியாகச் சிரித்தேன். அதோடு புலி பூனையாகிவிட்டது. 'யெஸ்', 'நோ', 'தேங்க்யூ'... மூன்றே வார்த்தையில் நாட்களை ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அறையில் இருக்கப் பிடிக்காமல் காலாற நடந்தபோது, சவுத்மூர் ரோட்டில் 28-ம் நம்பர் வீட்டுச் சுவரில் ஒரு நீலப் பலகை கண்ணில் பட்டது. 2019-ல் வைத்ததாம். 'மௌனப் பயணி' என்ற பெயரில் எழுதிய சீன ஓவியர் சியாங் யீ குடியிருந்த வீடு. அட, நம்ம கட்சி! நூலகத்தில் அவர் புத்தகங்களைத் தேடிப் பிடித்துவிட்டேன்.

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. கெமிஸ்ட்ரி படிப்பு, வாத்தியார் வேலை, ஹாங்சௌவில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர், அப்புறம் மூன்று மாவட்டங்களில் மாஜிஸ்திரேட்! (நாமாக இருந்தால் பென்ஷன் வாங்கும்வரை நாற்காலியை விட்டு அசைவோமா?) அங்கே நடந்த அக்கிரமங்களைப் பார்த்து வெறுத்துப்போய், 1933-ல் லண்டனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். இங்கிலீஷ் சொற்பம். மனைவியும் நாலு குழந்தைகளும் ஊரில்.

பேச வராத மனுஷர் பார்க்க ஆரம்பித்தார். மழை, மூடுபனி, டீ நேரம், பார்க்கில் குழந்தைகள்... ஒரு நிருபர் மாதிரி ஒன்று விடாமல் கவனித்தார். எழுத்தும் அவரே, படமும் அவரே. 1937-ல் வந்த ஏரி மாவட்டப் புத்தகத்தில் ஒரு படம். டெர்வென்ட் ஏரியில் மாடுகள் நிற்கின்றன. மாடு என்னவோ அசல் இங்கிலீஷ் மாடுதான். ஆனால் சீனத் தூரிகை பட்டதும் ஏரியே சீனத்து ஏரியாகிவிட்டது. தினம் பார்த்த மாட்டையே வெள்ளைக்காரர்கள் புதுசாகப் பார்த்திருப்பார்கள்.

பிறகு லண்டன், எடின்பரோ, நியூயார்க் என்று வரிசையாகப் புத்தகங்கள். 1940-ல் லண்டன் வீடு குண்டு விழுந்து போனதால்தான் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். 1955-ல் அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார்.

ஒன்றுதான் உறுத்தியது. ஊரான் ஊர்த் தெருவையெல்லாம் இப்படிப் பார்த்துப் பார்த்து எழுதியவர், தன் மனைவியை மறுபடி பார்த்தது 1975-ல். 42 வருஷம்! நடுவில் யுத்தம், 1949-ல் ஆட்சி மாற்றம் என்று காரணங்கள் இருக்கத்தான் செய்தன. இருந்தாலும் அந்த அம்மாள் என்ன பாடுபட்டிருப்பார்? கோபப்படுவதா, பரிதாபப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. 1977-ல் பீஜிங்கில் காலமானார்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கையில் கடைசிப் புத்தகத்தை முடித்தேன். அன்று ராத்திரி வீடியோவில் என் மனைவி வழக்கம்போல, "இன்னிக்கு என்ன பார்த்தீங்க?" என்றாள். நானும் வழக்கம்போல "ஒண்ணுமில்லே" என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்தினேன்.

"எதிர் வீட்டுச் சுவர் மேல ஒரு கிழட்டுப் பூனை..." என்று ஆரம்பித்தேன்.

முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். தமிழில்தான்!