தில்லை நிற்கும் இடம்

முழுப்பரீட்சை முடிந்ததும் கிள்ளை அத்தை வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கிருந்து பிச்சாவரம் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். விடியற்காலையில் மாமா என்னைப் படகில் ஏற்றிக்கொள்வார்.

"கைய உள்ள வை மாப்ள. தில்லைப் பாலு கண்ணுல பட்டுதுன்னா அவ்வளவுதான்."

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரம் அது. நடராசர் கோயிலின் தலமரம். நான் பிறந்து வளர்ந்த அந்த ஊரில் தில்லைக்காடு இல்லை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, இந்த உப்பங்கழியில்தான் தில்லையைக் கண்டேன். கோயிலுக்கும் பிச்சாவரத்துக்கும் இன்னொரு உறவும் உண்டு. சோழர் வழியினர் எனச் சொல்லிக்கொண்ட பிச்சாவரம் ஜமீன்தார்களுக்கு அங்கேதான் தீட்சிதர்கள் முடிசூட்டினார்கள்.

வாய்க்கால் குறுகக் குறுக, சுரபுன்னை வேர்கள் இருபுறமும் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும். வெண்கண்டலின் வேர்களோ சேற்றிலிருந்து குச்சி குச்சியாய் மேலே நீட்டி மூச்சு வாங்கும். கழுத்தளவு நீரில் இருளர்கள் பறியைப் பல்லில் கவ்வியபடி கையாலேயே இறால் தடவிப் பிடிப்பார்கள்.

மாசி மகத்துக்கும் கிள்ளைக்குப் போவேன். அன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் தீர்த்தவாரிக்காக அங்கே வருவார். தைக்கால் தர்காவில் இசுலாமியர்கள் பட்டும் மாலையும் தந்து அவரை வரவேற்பார்கள். அத்தை என் தோளைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவாள்.

1975இல் வந்த 'இதயக்கனி' படத்தைப் பிச்சாவரத்தில் எடுத்த கதையை மாமா ஓயாமல் சொல்வார். ஆனால் அவர் குரல் கனத்தது வேறொன்றைச் சொன்னபோது. முன்பு காட்டைக் கூறு கூறாக மொட்டையடித்ததில் நிலம் பள்ளமாகி, கடல்நீர் தேங்கி, உப்பேறி, எதுவும் முளைக்காமல் போயிற்று. தொண்ணூறுகளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கண்டல் கன்று நட்டார்கள். மாமாவும் மண்வெட்டி பிடித்தார்.

2004 டிசம்பர் 26. கடலோரத் திட்டுகளில் எத்தனையோ உயிர்கள் போயின. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களிலோ அலை தளர்ந்துதான் நுழைந்தது. அன்று மாலை மாமா தொலைபேசியில் சொன்னது ஒன்றுதான்: "மரம் நின்னுது மாப்ள."

2022இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது மாமா உயிரோடு இல்லை. சென்ற மாதம் அவர் வெட்டிய வாய்க்கால் பக்கம் படகில் போனேன். ஒருகாலத்தில் வெட்டவெளியாய்க் கிடந்த இடத்தில் வெயிலே விழவில்லை. கையை உள்ளே வைத்துக்கொண்டேன்.