அப்பாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகவில்லை

கம்பத்தில் திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் ஒருவர் மனைவியோடு ஆஸ்திரேலியாவுக்கு வருகிறார். அவருடைய மகள், அந்த நாட்டிலேயே சாப்பாட்டுத் திராட்சை அதிகம் விளையும் பகுதியில் குலை வெட்டிக்கொண்டிருக்கிறாள். வந்தவரைக் கடலுக்கும் பாறைக்கும் பென்குவினுக்கும் கூட்டிப்போகிறாள். திராட்சைத் தோட்டத்துக்கு மட்டும் கூட்டிப்போகவில்லை.

அந்த மகள் நான்தான். கேட்டவர்களிடமெல்லாம் "மெல்பர்ன்ல இருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல, அப்பாவுக்கு இடுப்பு தாங்காது" என்று சொல்லிவந்தேன். தூரம் உண்மை, அப்பாவின் இடுப்பும் உண்மை. காரணம் அது இல்லை.

நான் வந்தது ஒர்க் அண்ட் ஹாலிடே விசாவில். வேலையும் பார்க்கலாம், ஊரும் சுற்றலாம், ஒரு வருஷம். 2024-இல்தான் இது இந்தியர்களுக்குத் திறந்தது. ஆண்டுக்கு 1000 பேர், வயது 18 முதல் 30 வரை, குலுக்கலில் பெயர் விழவேண்டும். எனக்கு விழுந்தது. சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு வளைந்திருந்த நேரம். எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். இரண்டாம் வருஷமும் தங்க ஆசைப்பட்டால், அவர்கள் குறித்திருக்கும் பகுதிகளில், குறித்திருக்கும் வேலைகளில் மூன்று மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். தோட்டவேலை அந்தப் பட்டியலில் உண்டு. நான் வெட்டும் மில்டுரா, ராபின்வேல் பக்கம் உலகத்தின் பாதி மொழிகள் காதில் விழுவது இதனால்தான்.

வீட்டில் "விவசாயக் கம்பெனியில வேலை" என்று சொன்னேன். சம்பளச் சீட்டைப் பார்த்தால் அதுவும் பொய்யில்லை. அம்மா அதைத் தெருவுக்குள் கொண்டுபோகும்போது "ஃபார்ம் மேனேஜர்" ஆக்கினாள். நான் திருத்தவில்லை. திருத்த ஒரு போன் போதும்.

வெயிலில் நின்று குலை வெட்டுவது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. கூட வெட்டிய தைவான் பெண்கள் முன்னால், டோங்கா அக்காக்கள் முன்னால் எனக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை. கூச்சம் ஒரே ஒரு ஆள் முன்னால்தான். சின்ன வயதில் நான் பந்தலுக்குள் தலைகாட்டினாலே அப்பா விரட்டுவார். "இங்க என்ன வேலை? போய்ப் படி." வெட்டுக்கு முந்தின நாள் ராத்திரி அம்மா கேட்பாள், "நாளைக்கு எத்தனை ஆளு?" அப்பா சொல்லும் எண்ணுக்குத் தக்கபடி காலையில் டீ போடுவாள். அந்த டீ தனி டம்ளர்களில் போகும். அந்த டம்ளர்கள் வீட்டுக்குள் வராது, தொட்டிப் பக்கம் கவிழ்த்திருக்கும். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வெட்ட வருகிறவர்களில் பாதிப் பேருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் ஆளுக. அப்பா முன்னால் நான் ஓர் ஆளாக நிற்பதா? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் விஷயம் இதுதான்.

அவர்கள் வந்தது மார்ச்சில், வெட்டு மும்முரமாக நடக்கும் சமயம். டிக்கெட் அப்போதுதான் மலிவாகக் கிடைத்தது என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. மணிக்கு 30 டாலர் சொச்சம் கூலி. எங்கள் விசாவுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி போகும், போனாலும் நல்ல காசு. லீவு எடுத்தால் கூலியும் இல்லை, திரும்பி வரும்போது தங்குமிடத்தில் என் கட்டிலும் இருக்குமா தெரியாது. அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் என் மண்டைக்குள் ஒரு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் கிளம்பும் முன்பே அம்மாவை மிரட்டிவைத்திருந்தேன். "சாப்பாட்டுச் சாமான் எதுவும் கொண்டு வராத. ஃபைன் போடுவாங்க, விசாவ ரத்து பண்ணுவாங்க." அறிவிக்காமல் கொண்டுவந்தால்தான் அந்த வம்பு. அட்டையில் எழுதிக் காட்டினால் பொடி, பலகாரம் எல்லாம் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எனக்கு அது தெரியும். இருந்தும் விளக்கிச் சொல்லப் பொறுமையில்லாமல் ஒரே வெட்டாக வெட்டிவிட்டேன். விமான நிலைய வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் நின்ற ஒரு பாட்டி ஊறுகாய் பாட்டிலைக் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே போயிருக்கிறாள். "உன்னாலதாண்டி, பருப்புப்பொடிகூட எடுத்துட்டு வரல" என்று அம்மா ஊருக்குத் திரும்புகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

தங்கவைத்தது கிளேட்டனில், ஒரு கோயம்புத்தூர்த் தோழியின் வீட்டில். அவள் ஊருக்குப் போயிருந்தாள், சாவி கொடுத்திருந்தாள். "இதான் நான் இருக்கிற வீடு" என்று நான் வாயால் சொல்லவில்லை. சாவியைப் போட்டுத் திறந்தேன், செருப்பை அவள் செருப்புகளுக்குப் பக்கத்தில் கழற்றிப் போட்டேன், "இங்க குளியலறை, இங்க ஹீட்டர்" என்று காட்டினேன். மீதியை அவர்களே புரிந்துகொண்டார்கள். நான் நிஜமாக இருக்கும் இடம் தோட்டத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அடுக்குக் கட்டில்கள், ஆறு பேருக்கு ஒரு பிரிட்ஜ், அதில் அவரவர் பால் கேனில் அவரவர் பெயர்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், அம்மா அடுப்புக்கு மேலிருந்த எக்ஸாஸ்ட் மூடியைக் கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள். பழைய டூத் பிரஷ் ஒன்றை எங்கிருந்தோ கண்டுபிடித்து, அந்தச் சல்லடையின் ஒவ்வொரு கண்ணாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "எத்தனை மாசமாச்சுடி இதக் கழுவி? பொம்பளப் புள்ள இருக்கிற வீடா இது?" பிறகு பிரிட்ஜ், பிறகு குளியலறை ஓடுகளின் இடுக்கு. இந்தியக் கடையில் டப்பாக்கள் வாங்கி, மல்லி, சீரகம், கடுகு எல்லாவற்றையும் நிரப்பி, நான் குழம்பக்கூடாது என்று பால்பாயிண்ட் பேனாவால் காகிதத்தில் எழுதி ஒட்டினாள். "அது அவ வீடும்மா, விடு" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சோபாவில் உட்கார்ந்து காபி குடித்தேன். தோழி திரும்பி வந்து "உங்கம்மா தெய்வம்டி" என்று மெசேஜ் அனுப்பினாள். அந்த டப்பாக்கள் இன்னும் அவளிடம்தான் இருக்கின்றன.

ஊர் சுற்றியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் மகளாக இல்லை, டூர் மேனேஜராக இருந்தேன். எட்டு மணிக்குக் கிளம்பணும், இங்கே இருபது நிமிஷம், போட்டோ, ஏறுங்க. சித்தியோடு வீடியோ காலில் அம்மா சத்தமாகப் பேசினால் பல்லைக் கடித்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, நான்தான் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். கேரம் டவுன்ஸில் சிவா விஷ்ணு கோயில் இருக்கிறது என்று அம்மாவே விசாரித்து வைத்திருந்தாள். அங்கேதான் இரண்டு பேரும் அவசரமில்லாமல் உட்கார்ந்தார்கள். எனக்கு அங்கேயும் பார்க்கிங் கவலை.

கிரேட் ஓஷன் ரோட்டில் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். 243 கிலோமீட்டர் கடலோரச் சாலை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை மலையை வெட்டிப் போட்டது. அதை நான் போனில் பார்த்து ஒப்பித்தேன். அப்பா காரை நிறுத்தச் சொல்லி, செங்குத்தான பாறையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, "பென்னிகுவிக்கும் இந்த நாட்டுக்கு வந்திருக்காரு, தெரியுமா பாப்பா? பிரிஸ்பேன்ல ஆத்து வெள்ளத்தத் தடுக்க யோசனை கேட்டு இவங்க கூப்பிட்டிருக்காங்க" என்றார்.

கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக் யார் என்று வெளியாட்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். முல்லைப் பெரியாறு அணையை 1895-இல் கட்டிமுடித்த வெள்ளைக்கார இன்ஜினீயர். அவர் படம் பூஜை அலமாரியில் இருக்கும் வீடுகள் உண்டு. அவர் பிறந்த ஜனவரி 15-ஆம் தேதி அவருக்கென்று பொங்கல் வைப்பார்கள். எங்கள் பந்தலுக்கு வரும் தண்ணீர் அவர் திருப்பிவிட்ட தண்ணீர்.

"வாட்ஸ்அப்ல வர்றதையெல்லாம் நம்பாதீங்கப்பா. ஏறுங்க, இருட்டிடும்" என்றேன்.

அப்பா ஏறினார். அதன்பிறகு பென்னிகுவிக்கைப் பற்றிப் பேசவில்லை. அவர் சொன்னது சரி. பிற்பாடு தேடிப் பார்த்தேன். பென்னிகுவிக் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்துக்கு யோசனை சொல்ல வந்தவர்தான். அதைவிட மோசம், அப்போது என்னிடமே அப்பாவுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. மில்டுராவும் வறண்ட பூமியாகக் கிடந்ததுதான். சாஃபி சகோதரர்கள் கலிஃபோர்னியாவிலிருந்து வந்து, மர்ரே ஆற்றுத் தண்ணீரை பம்ப் வைத்து ஏற்றிப் பழத்தோட்டம் போடத் தொடங்கியது 1887. பெரியாறு அணைக்கு வேலை ஆரம்பித்ததும் 1887. இதைச் சொல்லியிருந்தால் அப்பா கம்பத்து டீக்கடையில் பத்து வருஷம் பேசுவார். சொன்னால் மில்டுராவைப் பற்றிப் பேச்சு வரும், பேச்சு வந்தால் "அங்க போலாமா" என்பார். விழுங்கிவிட்டேன்.

பன்னிரண்டு சீடர்கள் என்று பெயர் வைத்த அந்தப் பாறைகளை, பெயரில் உள்ள எண்ணிக்கை இல்லாவிட்டாலும், பார்த்தோம். 2005-இல் ஒன்று சரிந்து கடலுக்குள் போய்விட்டதாம். அம்மா மீதியை எண்ணினாள்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் கடைக்குப் போனோம், சாக்லேட் வாங்க. பழப் பகுதியில் அப்பா நின்றுவிட்டார். கிரிம்சன் சீட்லெஸ் திராட்சை, கிலோ ஆறு டாலர். மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்த்து "யாத்தே" என்றார். பையைத் தூக்கிக் காம்பைப் பார்த்தார். "பச்சை மாறல. வெட்டி ரொம்ப நாளாகல." பையைத் திருப்பினார். பின்னால் ஊர்ப் பெயர் அச்சடித்திருந்தது. எழுத்துக்கூட்டி, "ராபின்... வேல். இது எங்க இருக்கு பாப்பா?"

"தூரம்பா."

சொல்லிக்கொண்டே நான் இன்னொரு பையைத் திறந்து ஒரு குலையை எடுத்தேன். காம்பைப் பிடித்துத் தூக்கி, பழத்தில் விரல் படாமல் ஒரு சுற்றுச் சுற்றி, அழுகல் ஒன்றை நகத்தால் தட்டிவிட்டு, மறுபடி உள்ளே வைத்தேன். நான் இதையெல்லாம் செய்தேன் என்பதே வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திராட்சையின் மேல் சாம்பல் மாதிரி ஒரு பூச்சு இருக்கும். விரல் பட்டால் அழிந்து பழம் பழசாகத் தெரியும். சூப்பர்வைசர் கத்திக் கத்தி என் கையில் ஏற்றிவிட்ட பழக்கம்.

அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூச்சு அழியாமப் பிடிக்கிறியே. யாரு சொல்லிக்குடுத்தா?"

"யூட்யூப்ல பாத்தேன்."

"ம்" என்றார். சாக்லேட் பக்கம் நகர்ந்தோம்.

அன்று ராத்திரி அம்மா என் விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவினாள். கத்தரி பட்ட கீறல்கள், காய்ப்பு. "ஹோட்டல்ல பாத்திரம் கழுவுறியாடி? உண்மையச் சொல்லு." சிரித்தேன். ஆபீஸ் ஏசி, இங்கே காற்று வறட்சி, என்று ஏதேதோ சொன்னேன். அவளும் நம்பிவிட்ட மாதிரி இருந்தாள்.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கும் என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது ரொம்ப வசதி. அவருக்கே தெரியுமென்றால், நான் வாயைத் திறக்கும் வேலை மிச்சம்.

அவர்களை விமானம் ஏற்றிவிட்டு வெளியே வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. தோட்டத்துக்குத் திரும்பினால் என் கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள். எனக்குக் குளியலறைப் பக்கம் ஒரு மூலை கிடைத்தது. அடுத்த வாரம் தைவான்காரி ஒருத்தியின் அப்பா அம்மா வந்தார்கள். அவள் நேராக வரிசைக்கே கூட்டிவந்துவிட்டாள். அவளுடைய அப்பா தொப்பி போட்டுக்கொண்டு, மகளின் கத்தரியை வாங்கி ஒரு குலை வெட்டினார். சூப்பர்வைசர் இன்சூரன்ஸ் இல்லை என்று கத்தினார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களைப் பார்த்து எனக்கு முதலில் வந்தது பொறாமை இல்லை, இளக்காரம். இவர்களுக்கு மானம் ரோஷம் கிடையாதா என்றுதான் நினைத்தேன்.

சீசன் முடியும் நேரத்தில், கடைசி கிரிம்சன் வரிசைகளுக்கு மழை வராமல் பிளாஸ்டிக் விரித்திருப்பார்கள். பழுத்த திராட்சைக்கு மழை ஆகாது, வெடித்து அழுகிவிடும். அன்று பகல் முழுக்கக் காற்றில் பிய்ந்த விரிப்புகளை இழுத்துக் கம்பியில் கிளிப் போடுவதுதான் என் வேலை. தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. ராத்திரி அப்பா கூப்பிட்டார். கம்பத்தில் கோடைமழை. வெட்டுக்கு நின்ற பன்னீர் திராட்சையில் பாதி வெடித்துவிட்டதாம்.

"பாப்பா, அங்க மழைக்குப் பழத்த எப்படிக் காப்பாத்துறாங்க? மேல ஏதோ விரிக்கிறாங்களாமே? காத்துக்குத் தூக்காதா? எதுல கட்டுவாங்க? நம்ம பந்தலுக்கு ஆகுமா?"

எத்தனை அடி அகலம், எங்கே கிளிப், காற்று எந்தப் பக்கம் அடித்தால் முதலில் எது பிய்யும், எல்லாம் என் உள்ளங்கையில் இருந்தது.

"எனக்குத் தெரியலப்பா. தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் ஒரு வீடியோவைத் தேடிப்பிடித்து அனுப்பினேன். கூடவே, "விசாரிச்சேன்பா, இப்படித்தான் போடுவாங்களாம்" என்று எழுதினேன்.