அடைகல்லும் கட்டைவிரலும்

துப்பாக்கித் தோட்டாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் முன்முனையைப் பற்றியே பேசுகிறார்கள். பறப்பது அது, துளைப்பது அது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் பித்தளைக் கூட்டின் அடித்தட்டில், சரியாக நடுவே, சட்டைப் பொத்தானில் பாதியளவு ஒரு சின்ன வட்டம் பதிந்திருக்கும். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிரைமர் என்கிறார்கள். நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்த நம் ஊர்க்காரர்கள் இதன் மூதாதையைக் ‘கேப்பு’ என்றார்கள். தீபாவளிக்குப் பொட்டு வெடியைத் தரையில் வைத்துக் கல்லால் தட்டிய எவருக்கும் இதன் தத்துவம் தெரிந்ததுதான். நெருப்பு வேண்டாம், திரி வேண்டாம், ஒரு அடி போதும்.

அந்தச் சின்ன வட்டத்துக்குள் மூன்று பொருட்கள் இருக்கின்றன. ஒரு உலோகக் கிண்ணம், அதன் அடியில் அடிபட்டால் தீப்பற்றும் மருந்து சிறு பொட்டாக, அதன்மேல் கால்களை ஊன்றி நிற்கும் ஒரு குட்டித் தகடு. இந்தத் தகட்டுக்கு ஆங்கிலத்தில் கொல்லன் பட்டறையில் இருக்கும் அடைகல்லின் பெயரையே வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர். துப்பாக்கியின் ஊசி கிண்ணத்தின் முதுகில் அறையும்போது மருந்து, கிண்ணத்துக்கும் அடைகல்லுக்கும் நடுவே நசுங்குகிறது. எழும் சுடர் ஒரு துளை வழியே கூட்டுக்குள் பாய்ந்து வெடிமருந்தைப் பற்றவைக்கிறது.

இதன் ஆதி வரலாறு ஒரு பாதிரியாரிடம் போய் நிற்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி என்ற ஊரில் ஊழியம் செய்த அலெக்ஸாண்டர் ஜான் ஃபோர்சைத், பறவை வேட்டையில் பெரும் பிரியம் கொண்டவர். சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் கிண்ணியில் பொறி தெறிக்கும், பிறகுதான் குண்டு கிளம்பும். அந்தப் பொறியைப் பார்த்தே பறவைகள் பறந்துவிடுகின்றன என்பதுதான் அவருடைய குறை என்பார்கள். அடித்தால் வெடிக்கும் உப்புகளைக் கொண்டு அவர் அமைத்த விசைக்கு 1807இல் காப்புரிமை கிடைத்தது. அதற்கடுத்த அறுபது ஆண்டுகளில் உலகத்துப் படைகள் அனைத்தும் மாறிப்போயின.

1866ஐ ஒட்டி இரண்டு பேர் இரண்டு வகைப் பிரைமர்களை உருவாக்கினார்கள். இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸர் அடைகல்லைப் பிரைமருக்குள்ளேயே வைத்தார், கூட்டில் நடுவே ஒரே துளை. அமெரிக்காவின் ஹைரம் பெர்டன் அடைகல்லைப் பித்தளைக் கூட்டின் ஒரு பகுதியாக ஆக்கி, அதன் இருபுறமும் இரு சிறு துளைகளை வைத்தார். காலப்போக்கில் ஆங்கிலேயருடைய வகை அமெரிக்காவில் நிலைத்தது, அமெரிக்கருடைய வகை ஐரோப்பாவின் பல நாடுகளில் நிலைத்தது. பாக்ஸர் வகையில் துளை நடுவில் இருப்பதால், உள்ளிருந்து ஒரு கம்பியை இறக்கிப் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம். அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் சுட்ட கூட்டைத் தூக்கி எறியாமல் வீட்டு மேசையிலேயே மீண்டும் நிரப்பிக்கொள்வதற்கு இந்த ஒற்றைத் துளை முக்கியமான காரணம்.

நான் வசிப்பது பென்சில்வேனியாவில். நன்றியறிதல் நாளுக்கு அடுத்து வரும் திங்கட்கிழமை இங்குள்ள பல கிராமப்புறப் பள்ளிகளுக்கு விடுமுறை. மான் வேட்டை தொடங்குவதற்காக விடப்பட்ட விடுமுறை அது. 2019இல் தொடக்க நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள், ஆனாலும் பல பள்ளிகளில் அந்தத் திங்கட்கிழமை விடுமுறை நீடிக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் நாற்பது ஆண்டுகள் லேத் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட முப்பது - நாட் - ஆறு என்ற தோட்டாவைச் சுடும் ரைஃபிள் ஒன்று வைத்திருக்கிறார். ஆண்டுக்கு அறுபது தோட்டாக்களுக்கு மேல் அவர் செய்வதில்லை. பெரும்பகுதி குறி பார்த்துப் பழகுவதற்கு. காட்டில் செலவாவது ஒன்று, சில ஆண்டுகளில் அதுவுமில்லை.

முப்பது ஆண்டுகளாகக் கைக்குள் அடங்கும் பாக்குவெட்டி போன்ற ஒரு கருவியால்தான் பிரைமர் பதித்து வந்தார். உள்ளங்கையில் பிடித்துக் கட்டைவிரலால் நெம்பை அழுத்த வேண்டும். எளிமையான, மலிவான, நேர்மையான கருவி. ஆனால் எழுபத்தெட்டு வயதில் கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. இருபது கூடு பதித்தால் இரண்டு நாள் காப்பிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை என்றார். மேசையில் பொருத்திக்கொள்ளும் கருவி ஒன்று வாங்க வேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டார்.

என் வீட்டில் துப்பாக்கி கிடையாது. இருக்கப்போவதும் இல்லை. என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். துப்பாக்கியோடு ஒருவன் பள்ளிக்குள் நுழைந்தால் விளக்கை அணைத்துவிட்டு எந்த மூலையில் சத்தமில்லாமல் உட்கார வேண்டும் என்பதை, பெருக்கல் வாய்ப்பாடு போல அவளுக்குப் பழக்கிவைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சாதாரணமாகச் சொல்லுவாள். அந்தச் சாதாரணம்தான் எனக்குத் தாங்குவதில்லை. ஆகவே அவருடன் போவதற்கு முன்பு இரண்டு நாள் யோசித்தேன். போனேன். எங்கள் தெருவில் பனி விழுந்த காலையில் என் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போகிற மனிதர் அவர். இரண்டு செய்திகளும் ஒன்றையொன்று அழிப்பதில்லை.

பிரைமரைப் பதிக்க மூன்று வழிகள் உண்டு. கைக்கருவி ஒன்று. கூட்டின் வடிவத்தைச் சீராக்கப் பயன்படும் பெரிய அழுத்துப் பொறியிலேயே பதித்துக்கொள்வது இன்னொன்று. மேசைக் கருவி மூன்றாவது. பெரிய பொறி அவரிடம் ஏற்கெனவே இருந்தது, அதில் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. பின் ஏன் புதிதாக வாங்க வேண்டும்? கேட்டேன். அந்த நெம்புகோலுக்குப் பலம் அதிகம், பித்தளையையே பிதுக்குவதற்கென்று செய்தது, அதில் பிரைமர் போய் உட்காருவது கைக்குத் தெரியாது என்றார். யானையை வைத்து ஊசியில் நூல் கோர்ப்பது போல என்று நான் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டேன்.

இந்தக் ‘கைக்குத் தெரிவது’தான் முழு விஷயமும். பிரைமர் முழுதாக உள்ளே போய், அடித்தட்டின் மட்டத்துக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு கீழே நிற்க வேண்டும். நம் தச்சர்கள் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டிலொரு பங்கு. இங்கே பேசப்படுவது ஒரு தலைமயிரின் தடிமன். அடைகல்லின் கால்கள் குழியின் தரையைத் தொட வேண்டும், தொட்டபின் இம்மியளவு மேலும் அழுந்த வேண்டும். அப்போதுதான் மருந்து சரியான இறுக்கத்தில் நிற்கும். மேலே தூக்கிக்கொண்டு நின்றால், ஊசியின் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், தோட்டா வெடிக்காது. சுழல் துப்பாக்கியில் துருத்திய பிரைமர் உருளையைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். தானாகக் குண்டேற்றிக்கொள்ளும் சிலவகைத் துப்பாக்கிகளில் விசையைத் தொடாமலே வெடிக்கவும் கூடும்.

மேசைக் கருவிகளிலும் பேதங்கள் உண்டு. சிலவற்றில் பிரைமர்கள் ஒரு தட்டில் பரவிக் கிடந்து சரிவில் ஒவ்வொன்றாக வரும். சிலவற்றில் செங்குத்தான குழாயில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். கலிஃபோர்னியாவின் ஓரோவில்லில் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் மேசைக் கருவி குழாய் வகை, குழாயைச் சுற்றி ஒரு காப்பு உண்டு. இல்லினாய் மாநிலத்து ஃபார்ஸ்டர் நிறுவனத்தின் கருவி, தனிப் பிடிப்பான் கேட்காமல் கூட்டின் விளிம்பை இரு தாடைகளால் தானே கவ்விக்கொள்ளும். ஆழத்தை ஆயிரத்தில் ஒரு பங்காகத் திருகி அமைக்கும் கருவிகளும் உண்டு. நூற்றுக்கணக்கான டாலர் விலை சொல்கிறார்கள். ஆயிரம் கெஜத் தூரத்தில் காகித இலக்கைச் சுடுகிற போட்டியாளர்களுக்கு அது வேண்டியிருக்கலாம். ஆண்டுக்கு அறுபது தோட்டா செய்கிறவருக்கு அது வெறும் ஆடம்பரம் என்பது என் எண்ணம்.

குழாயில் அடுக்குவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பிரைமர் ஒன்று வெடித்தால் ஒட்டி நிற்கும் மற்றதும் வெடிக்கும். நூறு ஒரே நெடுவரிசையில் நிற்கும்போது அது சின்ன விஷயமில்லை. ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமர் பெட்டி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருப்பதைக் கடையில் காட்டினார். உள்ளே ஒவ்வொன்றும் தன் குழியில் இடைவெளி விட்டு நின்றுகொண்டிருந்தது. பிரைமர்களைக் கண்ணாடிப் புட்டியில் கொட்டி வைப்பவன் வெடிகுண்டு செய்து வைத்திருக்கிறான் என்றார். பெட்டியைவிட்டு வெளியே எடுப்பது அன்றைய வேலைக்கு மட்டும், கண்ணாடி அணியாமல் எதையும் தொடுவதில்லை, எதையும் ஓங்கி அழுத்துவதில்லை. இதெல்லாம் அவருக்கு விதிகள் என்பதைவிட, செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போவது போன்ற பழக்கம்.

கடைசியில் குழாய் வகையையே வாங்கினார். நடுங்கும் விரல்களால் ஒவ்வொரு பிரைமராக எடுத்து வைக்க முடியாது என்பதே காரணம். ஆனால் பத்துக்கு மேல் ஏற்றுவதில்லை. வரிவரியாகக் கீறிய ஒரு சிறு தட்டில் பிரைமர்களைக் கொட்டி மெல்ல ஆட்டினால் எல்லாம் ஒரே பக்கமாகக் கவிழ்ந்து படுத்துக்கொள்கின்றன. பிறகு குழாயின் நுனியால் கோழி தானியம் பொறுக்குவது போல ஒவ்வொன்றாகக் கொத்த வேண்டும். இதை என்னிடம் விட்டுவிட்டார்.

நெம்புகோலை முதல்முறை அழுத்தியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பத்தாவது கூட்டில்தான் இரண்டு படிகள் தெரிந்தன. முதலில் குழியின் சுவரோடு உராய்ந்து உள்ளே போகும் சீரான இறுக்கம், பிறகு தரையைத் தொட்டவுடன் ஒரு சட்டென்ற நிற்றல். அந்த நிற்றலுக்கு அப்பால் ஒரு சிறு அழுத்தம், அவ்வளவுதான். கருவியின் நெம்புகோல் குட்டையானது, உள்ளே நடப்பதை மறைக்கும் அளவுக்குப் பலமில்லாதது. நல்ல மேசைக் கருவிக்கு இதுவே அடையாளம் என்று இப்போது தோன்றுகிறது. சற்றுப் பலவீனமாக இருக்க வேண்டும்.

இறுக்கம் அதிகமானால் ஒன்று குழியில் கரி படிந்திருக்கும், அல்லது கூடு ராணுவத்துடையதாக இருக்கும். மிசௌரியில் உள்ள லேக் சிட்டி ஆலையில் செய்த கூடுகளில், பிரைமர் கழன்றுவிடாதபடி சுற்றிலும் பித்தளையை உள்நோக்கி அமுக்கியிருப்பார்கள். அதைச் சீவி எடுக்காமல் புதியது போகாது, போகாததைப் பலமாகத் தள்ளவும் கூடாது. இறுக்கமே இல்லாவிட்டால் அது வேறு சங்கதி. பலமுறை சுட்டுச் சுட்டுக் குழி அகன்றுவிட்டது, கூட்டின் ஆயுள் முடிந்தது. நான் பதித்த இருபத்தோராவது கூடு வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. சொன்னேன். வாங்கிப் பார்த்து, அடித்தட்டின் குறுக்கே தேய்ந்த கட்டைவிரலை ஒருமுறை ஓட்டிவிட்டுத் தனியே வைத்துவிட்டார். ஒவ்வொரு கூட்டையும் அப்படித்தான் விரலால் தடவிப் பார்க்கிறார். அழுத்தும் வலு போனாலும் அந்த விரலுக்கு அளக்கும் திறன் போகவில்லை. நான் தடவிப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

2020இல் கொள்ளைநோயோடு சேர்ந்து துப்பாக்கி விற்பனையும் ஏறியபோது, பிரைமர்கள் கடைகளிலிருந்து மறைந்துபோயின. அதே ஆண்டு ஜூலையில் ரெமிங்டன் திவால் மனு கொடுத்தது. ஆயிரம் பிரைமர்களுக்கு முப்பது, நாற்பது டாலர் என்றிருந்த விலை நூறுக்குப் போனது. அவரிடம் பழைய பெட்டிகள் இருந்தன. வீட்டில் வைக்கப் பரிந்துரைக்கப்படும் வரம்பு பத்தாயிரம், அவரிடம் இருந்தது எழுநூறு. ஆண்டுக்கு அறுபது என்று வகுத்துப் பார்த்தேன். அவரும் வகுத்துப் பார்த்திருப்பார். எண்பத்தொன்பது வயதில் யார் மான் வேட்டைக்குப் போகிறார்கள் என்று அவரே சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டு இரண்டுமுறை கழுவச் சொன்னார். இன்றைய பிரைமர் மருந்தில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கிறது, பழைய பிரைமரைத் தள்ளி எடுக்கும்போது வரும் தூசியில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் குழந்தை இருக்கிறாள் அல்லவா என்றார். எந்தக் குழந்தைக்காகப் போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேனோ, அவளைத்தான் சொன்னார்.

இது மூன்றாவது ஆண்டு. அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பிரைமர் பதிப்பது என் பங்கு. குண்டைக் கூட்டின் வாயில் பொருத்துவதையும் போன முறை என்னைச் செய்யச் சொன்னார். மருந்து அளக்கும் தராசை மட்டும் இன்னும் என் பக்கம் நகர்த்தவில்லை.