மலை வீட்டு அடுப்பு

விடுமுறைக்குப் போய் வந்தவர்களைக் கண்டால் நாம் கேட்கிற முதல் கேள்வி, "என்னென்ன பார்த்தீர்கள்?" என்பதுதான். "யார் சமைத்தார்கள்?" என்று யாராவது கேட்டதுண்டா? நானும் கேட்டதில்லை, சகோதரிகளே, போன மே மாதம் வரையில்.

எங்களுக்கு ஊர் கணியூர். மடத்துக்குளத்துக்குப் பக்கம், அமராவதி ஆற்றங்கரை. நெல்லும் கரும்பும் தென்னையுமாக ஊர் பச்சென்று இருந்தாலும், உத்தியோகம் என்று வந்துவிட்டால் திருப்பூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். என் வீட்டுக்காரரும் அப்படி ஏறியவர்தான். அங்கே ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். பதினோரு வருஷமாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். சனிக்கிழமை இரவு வருவார். திங்கட்கிழமை கோழி கூவுமுன் கிளம்பிவிடுவார். நடுவில் இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி! உட்கார்ந்த இடத்துக்குக் காப்பி வரும். சாப்பிட்ட தட்டு தானாக நகர்ந்து போகும்.

"வாரம் பூராவும் மெஸ் சோறு தின்னு நாக்குச் செத்துப் போய் வருது எம் பையன்" என்பார் என் மாமியார். அதற்கு மேல் நான் என்ன பேச முடியும்?

இந்தப் பிரயாணத்துக்கு வித்திட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பயப்படாதீர்கள், கம்பெனிக்குச் சரக்கு வாங்க வருகிறவர். ஆகஸ்டு மாதம் வந்துவிட்டால் அவரிடமிருந்து ஒரு பதிலும் வராதாம். கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, குடும்பத்தோடு போய்த் தாங்களே சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இருந்துவிடுவாராம். இவருக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. விசாரித்துக்கொண்டு வந்து எனக்குப் பாடமே நடத்தினார்.

பிரான்சில் 1936-ஆம் வருஷம் சட்டம் போட்டு, தொழிலாளிகளுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு லீவு கொடுத்தார்களாம். லீவு கிடைத்தது, ஓட்டலில் தங்கப் பணம்? கிராமங்களிலோ ஆள் இல்லாத பழைய வீடுகள் சும்மாக் கிடந்தன. எமில் ஓபேர் என்ற செனட்டரின் முயற்சியால், 1951-ல் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் அப்படி ஒரு வீட்டைச் சீர்செய்து வாடகைக்கு விட்டார்கள். 1955-ல் நாடு முழுவதற்கும் ஒரு சங்கமே ஏற்பட்டது. விவசாயிக்கு வருமானம், பட்டணத்துக் குடும்பத்துக்கு ஓய்வு. 'ழீத்' என்று அந்த வீடுகளுக்குப் பெயர்.

"அடுப்பும் பாத்திரமும் படுக்கையும் இருக்கும். சமையல் மட்டும் நம்முளுது" என்றார் இவர்.

'நம்முளுது' என்றால் யாருடையது? அப்போதே கேட்டிருக்க வேண்டும். புத்தி பிற்பாடுதான் வருகிறது!

பிரான்சுக்கா போக முடியும்? காந்தலூருக்குப் போனோம். உடுமலைப்பேட்டை வழியாக, எங்கள் ஊரிலிருந்து 80 கிலோமீட்டர் இருக்கும். நாங்கள் இருவரும், மாமியாரும், பதினாலு வயது மகளும், பத்து வயது மகனும். வாடகைக் காரில் ஆட்களைவிடச் சாமான்தான் அதிகம். அரிசி, பருப்பு, மிளகாய்த் தூள், நல்லெண்ணெய், தோசை மாவு, குக்கர்!

ஒன்பதாறு சோதனைச் சாவடி தாண்டியதும் காடு. அதைத் தாண்டினால் கேரளத்துச் சின்னாறு சரணாலயம். மேற்கே மூணாறில் மழை கொட்டும்போது, மலைக்கு இந்தப் புறம் கள்ளியும் முள்ளுமாகக் காய்ந்து கிடக்கும். மழை மறைவுப் பிரதேசம் அது. வழியில் தூரத்தில், காட்டுக்கு நடுவே வெள்ளை வேட்டி காயப் போட்ட மாதிரி தூவானம் அருவி தெரிந்தது.

"அந்தத் தண்ணி எங்கே போவுது தம்பி?" என்று மாமியார் கேட்டார்.

"அது பாம்பாறுங்கம்மா. கேரளாவுல கிழக்கே ஓடற ஆறு மூணுதான். கபினி, பவானி, அப்புறம் இது. சின்னாறு எல்லாம் சேந்து, கீழ போய் நம்ம அமராவதி ஆவுது. காமராஜர் காலத்துல கட்டுன அணைக்கு வந்து, அங்கிருந்து நம்மூருக்கு வருது."

மாமியார் அருவி மறைகிறவரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். "அப்ப இது நம்ம ஆத்துக்குப் பொறந்த ஊடுன்னு சொல்லு" என்றார்.

மறையூரில் சந்தனக் காட்டைச் சுற்றி வேலி போட்டுக் காவல் காக்கிறார்கள். பாறைகளின் மேல் முனியறை என்கிற பழங்காலக் கற்திட்டைகள் இருக்கின்றன. வெல்லம் காய்ச்சும் வாசனை சாலை வரை வந்தது. மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கிருந்து மேலே ஏறினால் காந்தலூர். சுமார் 5,000 அடி உயரம். பூண்டு வயல்கள், ஆப்பிள் மரங்கள். பேச்சோ நம் தமிழ்!

வீடு அழகாகத்தான் இருந்தது. மண் சுவர், ஓட்டுக் கூரை, இரண்டு அறை. திண்ணையில் உட்கார்ந்தால் மலை மலையாய்த் தெரியும். சமையலறை மட்டும் பின்னால். அதற்கு விளக்கு மாடம் அளவுக்கு ஒரு ஜன்னல். அதன் வழியே தெரிந்தது விறகுக் கொட்டகையின் சுவர்!

மூட்டையைப் பிரித்தேன். குக்கர் இருந்தது, அதன் வெயிட்டைக் காணோம். கணியூரில் எங்கள் வீட்டு மேடையில் பத்திரமாக இருந்தது. சரி, பாத்திரத்திலேயே வேக வைப்போம் என்று பருப்பைப் போட்டேன். ஒரு மணி நேரம் கொதித்தும் பருப்பு பருப்பாகவே இருந்தது. அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்று என் மகள் விளக்கம் சொன்னாள். விளக்கம் பருப்பை வேக வைக்குமா? "ராத்திரியே சுடுதண்ணியில ஊறப் போட்டுரு கண்ணு" என்று மாமியார் சொன்ன யோசனைதான் மறுநாள் மானத்தைக் காப்பாற்றியது.

முதல் நாள் அப்படிப் போயிற்று. இரண்டாம் நாள் எல்லோரும் ஆப்பிள் தோட்டம் பார்க்கக் கிளம்பினார்கள். "பாத்திரம் கெடக்குது, மத்தியானத்துக்கு ஆக்கோணும், நீங்க போயிட்டு வாங்க" என்று நானே சொன்னேன். குற்றம் முழுவதையும் இவர் தலையில் போட மாட்டேன்.

அன்று இரவு மகள் கைபேசியில் படங்களைக் காட்டினாள். அப்பா, அப்பத்தா, தம்பி, அருவி, எலுமிச்சை அளவில் ஆப்பிள் பிஞ்சு... படங்கள் போய்க்கொண்டே இருந்தன. நான் ஒன்றில் இருந்தேன். சமையலறைக் கதவருகே, முதுகு மட்டும்.

"ஏம்மா, நீ இந்த ஊருக்கு வரவே இல்லயாட்ட இருக்குது" என்றாள். குழந்தை விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் தொண்டையை அடைத்துக்கொண்டது. இவர் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கடுகு பொரிகிற சத்தத்தில் விழித்தேன். மாமியார் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் இவர்! சின்ன வெங்காயத்தை மளமளவென்று அரிந்து, பூண்டைத் தட்டிப் போட்டு, அளந்து தண்ணீர் ஊற்றி, அரிசியும் பருப்பும் ஆக்கிக்கொண்டிருந்தார். பழகாத கை அப்படி வெங்காயம் அரியாது, சகோதரிகளே. எனக்குத் தெரியாதா?

மாமியார் பின்னாலேயே வந்துவிட்டார். "தம்பி! ஆம்பளப் பையன் அடுப்படியில நிக்கறதா? எப்பப் பழகுனே?"

"திருப்பூர் ரூம்புலதாங்கம்மா. மெஸ் சோறு வயித்துக்கு ஒத்துக்கல. சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

"பதினோரு வருசமாவா?"

மாமியார் போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கோ வருத்தத்தைவிடக் கோபம்தான் முந்தியது. "அப்ப நம்மூட்டுல மட்டும் ஏனுங்க ஒரு டம்ளர்கூட எடுத்து வெக்க மாட்டீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

கரண்டியைக் கீழே வைத்தார். "அங்க நான் அடுப்புக்கிட்ட வந்தா நீங்க ரெண்டு பேரும் உடுவீங்களா?" என்றவர், கொஞ்சம் நின்று, "உட மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் நானும் சொகமா உக்காந்துட்டேன்" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக அவரை மன்னித்தேன்.

திண்ணைக்குத் தட்டு வந்தது. மாமியார் ஆவி பறக்கிற சோற்றை ஊதி ஊதிச் சாப்பிட்டார். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். பிறகு மறுபடியும் வாங்கிக்கொண்டார். இவர் உள்ளே போனதும் என் பக்கம் குனிந்து, "கலியாணமாகி வந்து அம்பத்திரண்டு வருசமாச்சு கண்ணு. ஆருக்கும் போடாம மொதல்ல உக்காந்து சுடச் சுடத் தின்னது இன்னைக்குத்தான்" என்றார்.

அன்று ஐந்து பேருமாகக் கோயில்கடவுக்குப் போனோம். தென்காசிநாதரைத் தரிசித்துவிட்டுப் பாம்பாற்றங்கரையில் உட்கார்ந்தோம். மாமியார் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று சொல்லாமலே வெகுநேரம் இருந்தார். மத்தியானச் சோறு எனக்கு நினைவே வரவில்லை.

நீங்களும் இப்படி வீடு பிடித்துப் போங்கள். ஓட்டல் செலவு மிச்சம், குழந்தைகளுக்கும் சந்தோஷம். ஆனால் சாமான் பட்டியல் எழுதுமுன் இன்னொரு பட்டியல் எழுதிவிடுங்கள். எந்த வேளைக்கு யார் சமையல், யார் பாத்திரம் என்று. எழுதாவிட்டால் வீடுதான் மாறும். அடுப்பும் நாமும் மாற மாட்டோம். குக்கர் வெயிட்டைக் கைப்பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பிரெஞ்சுக்காரர் வீட்டில் யார் சமைக்கிறார்கள்? என் நச்சரிப்புத் தாங்காமல் இவர் கேட்டு எழுதினார். எழுதியது ஆகஸ்டு மாதம். பதில் வரவில்லை!

இப்போது ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சமையல் எங்கள் வீட்டில் இவருடையது. மாமியார் தடுப்பதில்லை. இவர் அடுப்பைப் பற்ற வைத்ததும் எழுந்து போய், வாசற்கதவை மட்டும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறார்.